நசுங்காத எலுமிச்சை

சிங்காரம் கடைசி பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்து இறுக்கினான்.

டிரெய்லர் மேல் நின்ற ஏடிவி முனகியது. தேயிலைச் சரிவில் உரமூட்டை சுமக்கிற நாலு சக்கர மோட்டார் அது. மூலைக்கு ஒன்றாக நாலு பெல்ட், அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்தான். தட்டிப் பார்த்தான். விண்ணென்று இருந்தது.

டிரெய்லருக்குப் பின்கதவு கிடையாது. பெல்ட்தான் எல்லாம். ஒரு விரல் தளர்ந்தாலும் வண்டி நடக்க ஆரம்பித்துவிடும் என்று அவனே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான்.

இந்த வண்டி சும்மாவே நல்ல பெயர் எடுத்ததல்ல. போன மாதம் சரிவில் கவிழ்ந்து அதை ஓட்டிய குகனேஸ்வரனை அடியில் போட்டுக்கொண்டது. அதன்பிறகு தொழிலாளர் லயத்தில் ஒருவனும் அதைத் தொடவில்லை. ரத்தம் பார்த்த வண்டி இன்னொன்றைக் கேட்கும் என்றார்கள். எஸ்டேட் துரை சிரித்தார். சிரித்துவிட்டு, அதைக் கீழே ரிங்லெட் ஊர்ப் பக்கத்து டிவிஷனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். நம்பாதவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல் இருக்கத்தான் செய்யும்.

சிங்காரத்தின் மனைவி பூவிழி காலையிலேயே நாலு எலுமிச்சை கொண்டுவந்திருந்தாள். பழுக்காத, கல் மாதிரி காய்கள். சக்கரம் ஏறி நசுக்கினால் திருஷ்டி கழியும். இந்த வண்டியோ ஓடப்போவதில்லை, உட்கார்ந்துகொண்டுதான் போகப்போகிறது. அதற்காக விட்டுவிட முடியுமா? மூலை மூலையாகத் தூக்கி, டயருக்கு ஒன்றாக அடியில் வைத்த பிறகுதான் அவன் பெல்ட்டையே போட்டான்.

"ஏங்க, பழம் அப்படியே இருக்கே. நசுங்கணும்லா," என்றாள் பூவிழி.

காற்று குறைந்த, பொதபொதவென்ற டயர்கள். காய்கள் அவற்றைத் தாங்கிக்கொண்டு முழுசாக நின்றன.

சிங்காரமும் குனிந்து காய்களைப் பார்த்தான். மகள் ரூபினியும் இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் மலை இறங்குகிறாள். ரிங்லெட் கிளினிக்கில் முதல் நாள் வேலை. பனியில் ரோடே தெரியவில்லை.

"என் பின்லைட்ட விட்டுறாம ஒட்டியே வாம்மா. முனியாண்டி கோயிலுகிட்ட ஹாரன் அடிக்க மறந்துறாத," என்று அவளிடம் சொல்லிவிட்டு, டிரெய்லரை இழுக்கிற பிக்கப்பில் ஏறினான்.

அவளுடைய மோட்டார் விளக்கு, தாய்க்கோழிக்குப் பின்னால் குஞ்சு வருவது மாதிரி டிரெய்லரை ஒட்டியே வந்தது.

இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு குழி. ஒவ்வொரு குழியிலும் அவன் வாய்விட்டே வேண்டிக்கொண்டான். முனியாண்டி, பழத்தை நசுக்கிக் கொடு. என் பிள்ளையை எதுவும் அண்டவிடாதே.

கோயிலுக்கு முன்னால் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். டிரெய்லர் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது.

பின்னாலிருந்து அடித்த மலைக்காற்றில், திறந்திருந்த ஜன்னல் வழியாக எலுமிச்சை வாசம் வந்தது.

நசுங்கிவிட்டது!

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பனிக்குள் கோயில் விளக்கு சிவப்பாகத் தெரிந்தது. ஹாரன் அடித்தான். பின்னால் ரூபினியும் அடித்தாள்.

எலுமிச்சை நசுங்கினால் திருஷ்டி இறங்கும். மேலே நிற்கிற வண்டியும் ஒரு விரல் இறங்கும், கட்டிய பெல்ட் தளரும். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு இதில் முதலாவது மட்டும்தான் தோன்றியது. சாமி காரியத்தில் யார் அளவு பார்க்கிறார்கள்?

கோயிலைத் தாண்டினால் ஒரு சின்ன ஏற்றம். பிக்கப் மூக்கைத் தூக்கியது. டிரெய்லரும் தூக்கியது.

ரூபினி இன்னும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கோயில் பின்னால் போய்விட்டது, அவள் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

அம்மா மாதிரியே பக்தி, என்று சிங்காரம் சிரித்துக்கொண்டான். பதிலுக்கு ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, ஏற்றத்துக்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினான்.