வேலப்பன் அங்கிளின் எட்டு மணி நேரம்

ஐவி வீறிட்டு அழுதுகொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் வேலப்பன் அங்கிள் உள்ளே வந்தார். கையில் ஒரு பழைய பாட்டுப் பிளேயர். அதற்குள் இடம் கூட்டித் தர முடியுமா என்று என் கணவர் ஜெஃப்ரியிடம் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ஒரு பிள்ளை நாலு நாளாகத் தூங்கவில்லை. இவருக்குப் பாட்டு பத்தவில்லையாம்.

ஐவிக்கு மூன்று மாதம். திங்கட்கிழமையிலிருந்து இப்படித்தான். கண் சொருகும், உடனே திடுக்கிட்டு விழித்து அழுவாள். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். எனக்குத்தான் பயம் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலப்பன் அங்கிள் அடுத்த வீடு. நடுவில் வெறும் பலகைச் சுவர். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலேயே, மேட்டில் இருக்கும் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடமாக இலை உருட்டும் ரோலர் ஓட்டுகிறவர். அந்த வாரம் ரிப்பேருக்காக ஃபேக்டரியையே நிறுத்திவிட்டதால், கீழ் டிவிஷன் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய் வந்தார்.

செவ்வாய்க்கிழமை பைப்படியில், "என்ன டெபோரா, ராத்திரி பூரா கச்சேரியா?" என்றார். புதன்கிழமை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தாள், எத்தனை மணிக்கு ஓய்ந்தாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எதற்கு இந்தக் கணக்கெல்லாம்? எஸ்டேட் ஆபீஸ் கிராணியிடம் புகார் கொடுத்து எங்களை வேறு லயத்துக்கு மாற்றத்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

ஜெஃப்ரிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. வர்க்‌ஷாப்பில் லோரி ரிப்பேர் பார்க்கிற கை. மாதா கோயிலில் கித்தார் மீட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் வில்லையை இடுக்கில் விட்டு, பிளேயரின் முதுகைத் திறந்துவிட்டார்.

உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு போட்டால் பத்து மடங்கு இடம் என்றார். அங்கிள் இரண்டே கேள்விதான் கேட்டார். முதல் கேள்வி, பழைய பாட்டு எதுவும் அழியாதே?

இரண்டாவது, "ஆட்டம் தாங்குமா, தம்பி? இப்ப கொஞ்சம் அதிர்ந்தாலே நின்னுடுது."

"கார்டுல சுத்துற சாமானே இல்லண்ணே. மோட்டர்ல கட்டித் தொங்கவிட்டாலும் பாடும்."

"அப்ப சரிலா. இதுல ரெக்கார்டும் பண்ணலாம்தானே?"

அது மூன்றாவது கேள்வி. நான் தொட்டிலை வேகமாக ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிளேயர் வேலை முடிந்தது. சனிக்கிழமை காலை அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழ் டிவிஷன் ஷிஃப்டுக்குப் போனார். அன்று முழுக்க ஐவி அழுதாள். சாயங்காலம் நானும் அழுதேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றவில்லை. அங்கிள் பிளேயரோடும் ஒரு சின்ன ஸ்பீக்கரோடும் வாசலில் நின்றார்.

"பாட்டெல்லாம் வேணாம் அங்கிள்," என்றேன். குரல் கொஞ்சம் காட்டமாகத்தான் வந்தது.

அவர் ஸ்பீக்கரைத் தொட்டிலுக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

கடகட... கடகட... கடகட...

பாட்டு இல்லை. ரோலர் சத்தம். எங்கள் தலைக்கு மேலே இராப்பகலாக ஓடிக்கொண்டிருந்த அதே சத்தம்.

ஐவியின் அழுகை பாதியில் நின்றது. கூரையைப் பார்த்தாள். இறுக்கி மூடியிருந்த கை மெல்ல விரிந்தது. ஜெஃப்ரி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அவருக்கும் இது தெரியாது.

"பொறந்ததுலேர்ந்து ஃபேக்டரி சத்தத்துலதானே தூங்குனா," என்று அங்கிள் கிசுகிசுத்தார். "திங்கக்கிழம அது நின்னுச்சு, இவ முழிச்சுக்கிட்டா. என் போன்ல எடுத்துப் பார்த்தேன், பத்து நிமிசந்தான் ஏறுது. நின்னு மறுபடி ஆரம்பிச்சா புள்ள எழுந்துரும்லா. இது எட்டு மணி நேரம், ஒரே இழுப்பு."

சொல்லிவிட்டு, நன்றி சொல்லக்கூட விடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒரே ஒருமுறைதான் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். பிறகு சூடாகச் சோறு சாப்பிட்டேன். ஜெஃப்ரி ஏதோ சொல்ல, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மூன்றாவது மணி நேரத்தில் ஸ்பீக்கரிலிருந்து திடீரென்று ஆட்களின் பேச்சுச் சத்தம். யாரோ ஒருவர் ஏதோ கேலி செய்ய, நாலைந்து பேர் சத்தமாகச் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்தேன்.

அதற்குள், ரோலர் சத்தத்துக்கு நடுவே, வேலப்பன் அங்கிளின் குரல் அவர்களை அதட்டியது:

"டேய், மெதுவா பேசுங்கடா. எங்க லயத்துப் பாப்பா தூங்குறா."