பத்தடி பின்னால்

"ஏன் தையக்காரம்மா, இந்த வயசுல புருஷனை ஃபாலோ பண்ற வேலை உனக்கெதுக்கு?"

இஸ்திரிக் கடைக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

தையல்காரம்மா நிற்கவில்லை. நின்றால், முன்னால் போகிறவர் முனை திரும்பிவிடுவார்.

"அப்புறம் வந்து பேசறேன்க்கா."

"என்ன பேசப் போற? தலை நரைச்சும் சந்தேகம் நரைக்கலையே உனக்கு! தங்கமான மனுஷனைப் போய்..."

மீதியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நடந்தாள். பத்தடி முன்னால் அவள் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், கைவீசிப் போய்க்கொண்டிருந்தார்.

சந்தேகமா? சந்தேகமாக இருந்தால் தேவலையே! இது பயம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று போனவர், தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "வழி மறந்துபோச்சு" என்றார்.

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவிவிட்டது.

எந்த வழி? ஆயுசு முழுக்க அவர் தபால் பையோடு நடந்த வழி. ரிஜிஸ்டர் தபால் வந்தால், எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கையெழுத்து வாங்காமல் திரும்ப மாட்டார் என்று பெயரெடுத்த தெருக்கள். அதுவா மறந்துபோகும்?

வெளியே சொல்லலாமா? "தபால்காரருக்கே விலாசம் மறந்துபோச்சாம்" என்று சிரிப்பார்கள். கூட வருகிறேன் என்றால் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்.

'கடவுளே, இவரைப் பத்திரமா வீட்டுல கொண்டுவந்து சேர்க்கிற தெம்பை மட்டும் எனக்குக் கொடு. பேர் கெட்டா என் பேர் கெட்டுட்டுப் போகட்டும்.'

வேண்டிக்கொண்டாள். மறுநாளே கிளம்பிவிட்டாள், பத்தடி பின்னால்.

தைக்க வேண்டிய துணி மேஜைமேல் மலையாகக் குவிந்தது. குவியட்டும். முழங்கால் கெஞ்சியது. கெஞ்சட்டும். அவரோ நாளுக்கு நாள் தூரத்தை வேறு கூட்டிக்கொண்டே போனார். முனைக்கு முனை நின்று, குனிந்து செருப்பைச் சரி செய்வார். 'ஐயோ, எந்தப் பக்கம்னு மறந்துட்டாரோ' என்று இவள் ஓட்டமும் நடையுமாக விரைவாள். மூச்சு வாங்க இவள் கிட்டே வந்து சேரும்போது, நல்லவேளையாகச் சரியான பக்கமே திரும்புவார்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தாள்.

"அம்மா, நீ அப்பாவை ஃபாலோ பண்றியாமே? இஸ்திரி அத்தை சொன்னாங்க."

"ஆமாண்டி."

"நாங்கள்லாம் ஒருத்தரை ஃபாலோ பண்ணணும்னா போனை ஒரு தட்டு தட்டுவோம், முடிஞ்சது. நீ ஏம்மா தெருத்தெருவா அலையற?"

'உன் போனைத் தட்டினா உங்கப்பா வீடு வந்து சேருவாராடி' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மகளிடம்கூட அவரை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"நீ உன் அடுப்பைப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

மாதம் பிறந்தது. அவளுடைய சர்க்கரைக்குப் பரிசோதனை செய்யும் நாள். "எனக்குத் துணைக்கு வாங்க" என்று சாக்குச் சொல்லி அவரையும் அழைத்துக்கொண்டு போனாள். எப்படியாவது டாக்டரம்மாவிடம் அவரைக் காட்டிவிட வேண்டும்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நான் சொல்றதை யாருமே ஃபாலோ பண்றதில்லைன்னு நினைச்சேன். நீங்க பண்ணியிருக்கீங்கம்மா! சர்க்கரை அருமையா இறங்கியிருக்கு. தினமும் நடக்கறீங்க, இல்ல?"

"நான் எங்க டாக்டரம்மா உங்களை ஃபாலோ பண்ணினேன்? இவரைத்தான் பண்ணினேன்!"

அவ்வளவுதான், அடக்கி வைத்ததெல்லாம் உடைந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒன்று விடாமல் கொட்டினாள்.

"என் சர்க்கரை கிடக்கட்டும் டாக்டரம்மா. முதல்ல இவரைப் பாருங்க. இவர் எனக்கு வேணும்."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இங்கேருந்து உங்க வீட்டுக்கு எப்படிப் போகணும், சொல்லுங்க பார்ப்போம்."

தபால்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மருந்துக்கடைச் சந்துல பூந்தா சீக்கிரம் போயிடலாம். என்ன, அங்க ஒரு நாய் இருக்கு. உத்தியோகத்துல இருந்தவரைக்கும் கடிக்க வந்துச்சு, இப்ப சட்டை மாறினதும் வாலாட்டுது. பள்ளிக்கூடத்தைச் சுத்திக்கிட்டுப் போனா தூரம் ஜாஸ்தி. ஆனா, இவளுக்கு அதுதான் நல்லது."

தையல்காரம்மாவின் அழுகை சட்டென்று நின்றது.

"அப்படின்னா... அன்னைக்கு வழி மறந்துபோச்சுன்னு சொன்னது?"

அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் சொன்னார்.

"கதவே திறக்காத வீட்டுலகூட ஆளை வெளியே வரவழைச்சுக் கையெழுத்து வாங்கினவன் டாக்டரம்மா நான். 'வா, நடந்துட்டு வரலாம்'னு தொண்டைத் தண்ணி வத்தக் கூப்பிட்டும் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காதவ இவ ஒருத்திதான். இவ வாசப்படி இறங்கணும்னா, நான் தொலைஞ்சு போனாத்தான் உண்டு!"