பத்துக்கு எட்டு

"வலி எவ்வளவு இருக்கு? வலியே இல்லைன்னா பூஜ்யம். தாங்கவே முடியலைன்னா பத்து."

டாக்டரம்மா கேட்டு முடிக்கவில்லை. அதற்குள், "எட்டு" என்றார் மாப்பிள்ளை.



மாப்பிள்ளை என்றால் என் தங்கையைக் கட்டியவர். பெண் பார்க்க வந்த அன்றே, நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த பழைய சைக்கிளைப் பார்த்து, "இது ஓடுமா, நாமதான் தள்ளணுமா?" என்று கேட்டுச் சபையில் சிரித்தவர். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆனதும், ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான்தான் போக வேண்டும் என்பது தங்கையின் உத்தரவு. அவளுக்காக வருகிறேன்.

"மாடி ஏற முடியுதா?"

"எங்கம்மா ஏறறது? ரெண்டு படி வச்சா உயிரே போகுது."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"வலி மாறலையே, நான் எப்படி மாத்திச் சொல்றது?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் காலைப் பிடித்து மடக்கினார். எண்ணெய் விட்ட கதவுக் கீல் மாதிரி சத்தமில்லாமல் மடங்கியது முட்டி.

அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"டாக்டரம்மா, இன்னிக்கு லிஃப்ட் ஓடலை. படியேறித்தான் வந்தோம். எனக்கு முன்னாடி மேல வந்து நின்னுக்கிட்டு, 'என்ன மச்சான், நாக்கு தள்ளுது?'ன்னு என்னையே கேலி பண்றார்."

"மச்சான், கொஞ்சம் சும்மா இருங்க."

"எதுக்கு இருக்கணும்? இவர் மகன் ரிப்பேர் கடை வைக்கிறதுக்குக் கீழ் அறையை ஒழிச்சு வச்சிருந்தான்மா. முட்டி வலின்னு சொல்லி ராஜா மாதிரி அதுல கட்டிலைப் போட்டுக்கிட்டார். பாவம், அந்தப் பையன் வெளியில இடம் தேடி அலையறான். எல்லாம் நடிப்பு!"

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

"படம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா உள்ள எப்படி வலிக்குதுன்னு படத்துக்குத் தெரியாது, அனுபவிக்கிறவருக்குத்தான் தெரியும். நான் நீங்க சொல்றதைத்தான் நம்புவேன். தடவைக்குத் தடவை எட்டுன்னா, திறந்து பார்த்துட வேண்டியதுதான். அட்மிட் ஆயிடுறீங்களா?"

மாப்பிள்ளை சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"திறக்கிறதா? மறுபடியுமா?"

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, முட்டியைத் தொட வேண்டாம். 'மாடி ஏறக் கூடாது'ன்னு என் மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அது போதும்."

"காரணமே இல்லாம எப்படிச் சொல்றது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வெளியே போகச் சொல்லும் பார்வை. நான் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்.

"நான் எத்தனை மாடி வேணும்னாலும் ஏறுவேன்மா. ஆனா எனக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா, நாங்க ரெண்டு பேரும் பழையபடி மேல குடி போகணும்."

"அப்ப அந்த எட்டு பொய்தானே?"

"சத்தியமா பொய் இல்லம்மா. கத்தின்னா அவளுக்கு உயிர் நடுக்கம், அதனால வெளியில மூச்சே விட மாட்டேங்கறா. காலையில அவ முட்டிக்குத் தைலம் தேய்ச்சுவிடும்போதுகூடக் கேட்டேன். எட்டுன்னுதான் சொன்னா, இவர் தங்கச்சி."