மறுபடியும் வாங்க

துணிக்கடை வாசலில் நின்ற ரோபோவை ஆஸ்பத்திரி வாசலுக்கு மாற்றினார்கள். குணமாகி வீடு திரும்புகிறவர்களைப் பழைய பழக்கத்தில் கும்பிட்டு, “மறுபடியும் வாங்க!” என்றது அது.

“வாயைப் பாரு இதுக்கு! தூக்கிக் கடாசுங்க” என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

“மரியாதையாத்தானே பேசினேன்?” என்று ரோபோ கலங்கியது.

“இங்க யாரையும் திரும்ப வரச் சொல்லக் கூடாதுப்பா,” என்றது பக்கத்தில் நின்ற வீல்சேர். “சாப்பிட்டீங்களான்னு கேளு, போதும்.”

கணவனை ஐசியுவில் விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லியிடம் ரோபோ அதைக் கேட்டது. இரண்டு நாளாக அவளை யாரும் அப்படிக் கேட்கவில்லை. “இல்லப்பா” என்றவள் அழுதே விட்டாள்.

அடுத்த வாரம் அவள் கணவனோடு வீட்டுக்குக் கிளம்பினாள். ரோபோ வாயைத் திறக்காமல் கும்பிட்டது. செண்பகவல்லி அதன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ ஒருநாள் எங்க வீட்டுக்கு வாப்பா, சாப்பிடலாம்.”