பழைய வீட்டு ஓனர்

“வீட்டுல நோயாளி யாராச்சும் உண்டா தம்பி?”

வாடகைக்கு வீடு கேட்டு யார் வந்தாலும் பிரகாசத்தின் முதல் கேள்வி அதுதான். ஆதாரும் அட்வான்சும் அப்புறம். மூன்று வருடத்துக்கு முன் இதே கீழ்வீட்டில் குடியிருந்தவரின் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் வீடு பூட்டியே கிடந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அக்கம்பக்கத்தார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து அவர் குடியிருக்கும் லம்பா லைன் பகுதியில் யார் வீடு கட்டினாலும் பிரகாசம் தேடிப்போய்ச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: குடிவருகிறவனின் சம்பளத்தைப் பார்க்காதே, சாகக் கிடக்கிற ஆளைக் கூட்டி வருகிறானா என்று பார்.

வந்தவன் பெயர் அன்பழகன். வயது நாற்பது இருக்கும். ஏதோ ஆபீசில் கிளார்க் வேலை. அவன் வாய் திறப்பதற்குள் வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து இருமல் சத்தம் வந்தது. ஓய ஒரு நிமிடம் பிடித்தது.

“அப்பாண்ணே. நுரையீரல் போயிருச்சு. ஒரு மாசம், மிஞ்சினா ரெண்டு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“நல்லாயிருக்கு. அதுக்கு என் வீடுதான் கெடச்சுதா?” பிரகாசம் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “இப்ப இருக்கிற வீட்டுக்கு என்ன?”

“மத்த போர்ஷன்காரங்க ஒரு மாதிரியா பேசுறாங்கண்ணே. சாவு விழுந்தா காலி பண்ணிருவோங்கிறாங்க.”

“ஓனர் என்ன சொல்றாரு?”

அன்பழகன் தரையைப் பார்த்தான். “எந்த ஓனர்ணே இதுக்கு ஒத்துக்குவாங்க?”

அதுவும் சரிதான். பிரகாசமே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும், குடியிருக்கும் மனிதரைச் சாகிற நேரத்தில் வெளியே தள்ள ஒருவனுக்கு எப்படி மனசு வரும் என்று ஆத்திரமாக வந்தது. ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். எலும்பும் தோலுமாக ஒரு பெரியவர். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, விருந்தாளியாக வந்தவர் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார். பிரகாசத்தைக் கண்டதும் கஷ்டப்பட்டுக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

பிரகாசத்துக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்தார். இந்தத் தீவிலிருந்து கப்பல் டிக்கெட் கிடைத்து இவர் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் சிலுவை நட்டிருந்தார்கள். கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

“இறக்குங்க தம்பி. இங்கயே இருக்கட்டும்.”

“அட்வான்சுண்ணே...”

“அது கெடக்கட்டும். மனுசன் நிம்மதியா கண்ண மூடட்டும். அப்புறம் எட்டு மாசம் வீடு பூட்டிக் கெடந்தா கெடக்குது. உங்கள வெரட்டுனாரே அந்த ஓனரு, அவரும் ஒருநாள் படுக்கையில விழுவாருல்ல, அப்பத் தெரியும் அவருக்கு.”

அன்பழகன் நிமிரவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. பாவம், நொந்துபோயிருக்கிறான் என்று பிரகாசம் நினைத்துக்கொண்டார்.

“பையா, தீரே தீரே,” என்று ஆட்டோக்காரரிடம் இந்தியில் மெதுவாகத் தூக்கச் சொல்லி, மூவருமாகப் பெரியவரைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கின கனம்கூட இல்லை.

குடிவருகிறவர்களைப் பற்றி எழுதிப் போலீசில் கொடுக்கிற ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பிரகாசம் எதிரே உட்கார்ந்தார்.

“பழைய விலாசம்?”

“இதே ஊர்லதான், டெலானிபூர்,” என்றான் அன்பழகன்.

“அந்த வீட்டு ஓனர் பேரு?”

அன்பழகன் சட்டைப் பையைத் துழாவினான்.

“சொல்லுங்க தம்பி. இதுல எழுதியாகணும்.”

ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிற சாக்கில் அன்பழகன் வெளியே போய்விட்டான். பெரியவர் மூச்சைக் கூட்டிக்கொண்டு பேசினார்.

“நாகலிங்கம்னு எழுதுங்க ஐயா, என் பேருதான். கட்சால் தீவுல இருவத்தெட்டு வருசம் ரப்பர் பால் வெட்டி, சுனாமியில கடல் கொண்டுபோனது போக மிஞ்சினதுல கட்டுன வீடு. குடியிருக்கிறவங்க போயிட்டா வாடகை வராது, மகனுக்குச் சமாளிக்க ஏலாது, அதான் சாகிறதுக்கு மட்டும் வாடகைக்கு வந்தேன்.”