இடப்பக்கச் சுழி

பினார் ஊர்ச் சுருட்டுப் பட்டறையில் மேஸ்திரி எவெலியோ இருபத்தைந்து சுருட்டுகளைத் திருடிவிட்டு, பழியைக் கசில்தாவின் தலையில் போட்டார். அவள் இடக்கைக்காரி. சுருட்டின் வாய்நுனியில் அவள் ஒட்டும் தொப்பி இலை மட்டும் இடப்பக்கமாகச் சுழித்திருக்கும். வேலை போன அன்று, "தீராம ஊதுங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாம் மாதம் செத்தும் போனாள்.

பட்டறைச் சரக்கைத் தேடித் திங்களன்று வீடு வீடாகச் சோதனை வருவதாக வெள்ளிக்கிழமை தெரிந்தது. எவெலியோ திருட்டுச் சுருட்டுகளை ஒளித்து வைத்திருந்த தேவதாருப் பெட்டியை எடுத்தார். சுருட்டு காய்ந்துவிடாமல் இருக்க உள்ளே ஈரத்துணியால் துடைத்து, கிண்ணத்தில் தண்ணீர் மாற்றினார். அந்தப் பழக்கம் அப்போதும் விடவில்லை. பிறகு நுனி வெட்டி ஊத ஆரம்பித்தார். அன்று நான்கு தீர்ந்தன. மறுநாள் காலை எண்ணினால் இருபத்தைந்து இருந்தன.

சனிக்கிழமை எட்டு ஊதினார். ஞாயிறும் இருபத்தைந்து.

"உதடெல்லாம் கரியாப் போச்சு. நீங்க என்ன மனுஷனா, ஆலைப் புகைக்கூண்டா?" என்றாள் மனைவி ஓதாலிஸ்.

"வாயை மூடிட்டுக் காபி கொண்டு வாடி."

அப்போதுதான் பார்த்தார். பன்னிரண்டு சுருட்டுகளின் தொப்பி இடப்பக்கமாகச் சுழித்திருந்தது.

மொத்தத்தையும் அடுப்பில் கொட்டி எரித்தார். சாம்பலைத் தானே வாரி ஓடையில் கரைத்தார்.

திங்கள் காலை கதவு தட்டப்பட்டது.

"மேஸ்திரி, தொறங்க! பட்டறையிலேர்ந்து வந்திருக்கோம்."

காலிப் பெட்டியை அவரே தைரியமாகத் திறந்து காட்டினார். உள்ளே இருபத்தைந்து இருந்தன. எல்லாமே இடப்பக்கச் சுழி. தொப்பியில் பசை இன்னும் காயவில்லை.