பதினேழாம் நம்பர்

"அண்ணியைக் கட்டிக்கிட்டு எப்படிண்ணே காலம் தள்ளுறீங்க?"

பெயிண்டர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். அண்ணி அப்போதுதான் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டியிருந்தாள்.

அவன் கேட்டதிலும் தப்பில்லை. மெக்கானிக் மூன்று நாள் மாங்கு மாங்கென்று உழைத்துச் செய்த அலுமினிய டாங்கியை அவள் மூன்றே நிமிஷத்தில் "ரிஜெக்ட்" என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதுவும் இரண்டாவது தடவை!

டாங்கி என்றால் பெட்ரோல் டாங்கி இல்லை. இன்ஜினைக் குளிரவைக்க அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூடேறிப் பெருகும்போது அதற்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டுமே, அந்தச் சின்ன டாங்கி. கடையில் வாங்கும் வண்டியில் அது பிளாஸ்டிக்கில் எங்கேயாவது ஒளிந்துகிடக்கும். மெக்கானிக்கோ ஒரு பைக்கையே தன் கையால் கட்டியிருக்கிறான். அதில் போய் பிளாஸ்டிக்கா? தகடு வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, முகம் தெரிகிற மாதிரி தேய்த்து, சீட்டுக்கு அடியில் எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி.

அவன் மனைவிக்குக் குக்கர் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினோரு வருஷமாக, அழுத்தம் கொடுத்தால் குக்கர் ஒழுகுகிறதா என்று பார்க்கிறவள். முதலாளியின் மச்சான் செய்து அனுப்பிய சரக்கையே ஒரு லாரி நிறையத் திருப்பி அனுப்பியவள். முதலாளி நேரில் வந்து கெஞ்சியும் மசியவில்லை.

"அது கெடக்கட்டும்டா," என்றான் மெக்கானிக். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் செஞ்ச ஒரு பொருளைப் பார்த்து 'நல்லா இருக்கு'ன்னு அவ வாயில வந்ததில்ல. இந்த வண்டியிலயாவது வரவழைக்கிறேன் பாரு."

மூன்றாவது டாங்கி தயாரானது. அதை வீட்டுக்கே கொண்டுபோனான்.

"பச்சைத் தண்ணியில முக்கினா எல்லாம்தான் பாஸாகும்," என்றபடி அவள் பெரிய பாத்திரத்தில் தண்ணீரை ஆவி பறக்கச் சுடவைத்தாள். "சூட்டுலதான் வெல்டு வாயைத் திறக்கும்."

டாங்கியில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அந்தச் சுடுதண்ணீரில் இறக்கினார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒரு குமிழி? ம்ஹூம்!

"இப்ப என்ன சொல்றே?"

"சைக்கிள் பம்பை நம்பி நான் என்னத்தைச் சொல்றது?"

அடுப்பை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

மறுநாள் காலையில் டாங்கியைக் காணோம். வீடெல்லாம் தேடிவிட்டு ஒர்க்‌ஷாப்பைத் தலைகீழாகப் புரட்டினான். பாவம் பெயிண்டர், அவனுக்கும் திட்டு விழுந்தது. சாயங்காலம் வேலைவிட்டு வந்தவள், சாப்பாட்டுப் பையிலிருந்து துண்டில் சுற்றிய டாங்கியை எடுத்து நீட்டினாள்.

"பிசுக்கா இருந்துச்சு. கழுவ எடுத்துட்டுப் போனேன்."

"கழுவவா? ஏன், இங்க தண்ணிப் பஞ்சமா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய் அந்தச் சூட்டிலேயே வண்டியில் மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது கேட்டான். "நீ வரல?"

"ஷிப்ட் இருக்குங்க."

பெயிண்டர் அவனைப் பார்த்தான். அவன் எங்கேயோ பார்த்தான்.

கண்காட்சியில் இருபது வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் வெள்ளைத் துணி விரித்து, அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிடச் சொன்னார் நடுவர். பத்தாவது நிமிஷம் பக்கத்து வண்டி சொட்ட ஆரம்பித்தது. அப்புறம் கடைசி வரிசையில் ஒன்று. மெக்கானிக்கின் துணி மட்டும் கடைசிவரை துவைத்துப் போட்டது போலவே இருந்தது. பெயிண்டர் விசிலடித்தே விட்டான்.

நடுவர் விடுகிறவராய் இல்லை. செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்து டாங்கியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பதினேழுன்னு போட்டிருக்கு? நீங்க கட்டின பதினேழாவது வண்டியா?"

"பதினேழா? இதுதான் சார் எனக்கு முதல் வண்டி!"

அவனும் குப்புறப் படுத்துப் பார்த்தான். அடி ஓரத்தில் சின்ன வட்டம், அதற்குள் பதினேழு. அவன் வீட்டுக் குக்கருக்கு அடியிலும் அதேதான் இருக்கும். அவளுடைய செக்கிங் நம்பர். அது விழாமல் ஒரு குக்கர்கூட அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டாது.

"அண்ணே, ஏன் கண்ணு கலங்குது?" என்றான் பெயிண்டர்.

"புகைடா."

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, நாலு வரிசை தள்ளி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி நடுவரிடம் சொன்னான். "என் பொண்டாட்டி நம்பர் சார் அது!"

யார் யாருக்கு எந்தப் பரிசு அறிவித்தார்களோ, அவன் கவனிக்கவே இல்லை. ஒரு மூலைக்குப் போய் அவளுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். நல்லவேளை, அங்கே டீ நேரம்.

"கம்பெனி மெஷின்லயா வச்சுப் பார்த்தே?"

"சூப்பர்வைசரைக் கேட்டுட்டுத்தான் வச்சேன். உங்க வண்டி கொடுக்கிறதைப்போல மூணு மடங்கு அழுத்தம். சாப்பாட்டு நேரம் முழுக்க."

"அப்ப நீ சாப்பிடல?"

"வண்டி ஒழுகுச்சா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"ஒரு சொட்டு இல்ல!" அவனுக்குச் சிரிப்பு வந்தது. "அது சரி, புருஷனாச்சேன்னு ஆசைக்கு ஒரு குத்து குத்திவிட்டியாக்கும்?"

அந்தப் பக்கம் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஆசைக்கெல்லாம் நான் அந்த நம்பரைக் குத்த மாட்டேங்க. தாங்குச்சு, குத்தினேன்."